முந்தின வரி யாருடையது?

கணினிக் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அட்டவணையில் "போன தடவை எவ்வளவு?" என்ற எண்ணை "இந்தத் தடவை எவ்வளவு?" என்பதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது எப்படி? அதனால் மற்றக் கடிதங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கட்டளைகளை வழக்கம்போல உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். அட்டவணைக்கும் நெடுவரிசைகளுக்கும் மட்டும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் மொழி தாராளமாக ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: அக்கா, நான் கடலூர் முதுநகரில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறேன். படகு கரைக்கு வந்ததும் படகு எண், தேதி, எடை மூன்றையும் பதிவு செய்வேன். போன நடையைவிட இந்த நடை கூடவா குறைவா என்று படகுக்காரர்கள் கேட்கிறார்கள். பைத்தானில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸ் தொகுப்பில் ஷிஃப்ட் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாக வருகிறது. ஆனால் சில இடங்களில் நம்பவே முடியாத எண் வருகிறது. எங்கே தப்பு?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய தாளிலிருந்து ஐந்தே வரிகளை எடுத்துக்கொள்வோம். 12ஆம் எண் படகு ஜனவரி 6 அன்று 180 கிலோ, 9 அன்று 240, 13 அன்று 95. அதற்குக் கீழே 27ஆம் எண் படகு ஜனவரி 7 அன்று 410, 10 அன்று 365.

ஷிஃப்ட் என்ற கட்டளைக்குப் படகும் தெரியாது, மீனும் தெரியாது. எடை நெடுவரிசை முழுவதையும் ஒரு படி கீழே இறக்கும், அவ்வளவுதான். 240-க்குப் பக்கத்தில் 180 வரும், சரி. 95-க்குப் பக்கத்தில் 240 வரும், அதுவும் சரி. அடுத்து 27ஆம் எண் படகின் முதல் வரியில் 410-க்குப் பக்கத்தில் 95 வந்து உட்காரும். அந்த 95 பக்கத்துப் படகு பிடித்த மீன். "போன நடையைவிட 315 கிலோ கூடுதல்" என்று நீங்கள் அந்தப் படகுக்காரரிடம் சொல்லியிருப்பீர்கள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கடிதமே எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இரண்டு வரி:

தாள் = தாள்.சார்ட்_வேல்யூஸ்(['படகு', 'தேதி'])
தாள்['போன_எடை'] = தாள்.குரூப்பை('படகு')['எடை'].ஷிஃப்ட்(1)

முதல் வரி தாளைப் படகு, தேதி என்ற வரிசையில் அடுக்கும். குரூப்பை என்றால் படகுவாரியாகப் பிரித்து வைத்துக்கொள் என்று பொருள். பிரித்த ஒவ்வொரு கட்டுக்குள்ளும் தனித்தனியாக ஒரு படி இறக்கும். இப்போது 27-இன் முதல் வரி காலியாக இருக்கும், அடுத்த வரியில் 410 வரும். வித்தியாசம் மட்டும் போதுமென்றால் ஷிஃப்ட் இருக்கும் இடத்தில் டிஃப் என்று போடுங்கள். 12-க்குக் கூடுதல் 60, குறைவு 145. 27-க்குக் குறைவு 45.

அந்தக் காலி இடத்தைத் தயவுசெய்து பூஜ்யத்தால் நிரப்பாதீர்கள். பூஜ்யம் போட்டால் "போன நடையில் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை" என்று ஆகிவிடும். காலியாக விட்டால் "போன நடை நம் கணக்கில் இல்லை". இரண்டும் ஒன்றல்ல. காலி இடம் வந்தவுடன் 180 என்பது 180.0 என்று தசமமாக மாறினால் பயப்பட வேண்டாம். பாண்டாஸின் சாதாரண முழு எண் வகைக்குள் காலி இடத்தை வைக்க முடியாது, அதனால் தசமத்துக்கு மாற்றிக்கொள்கிறது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் நான் கணக்கு அலுவலகம் தொடங்கிய புதிதில் ஒரு பால் சங்கத்துக்குச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தேன். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நேற்று எத்தனை லிட்டர், இன்று எத்தனை லிட்டர் என்று இருக்கும். மாதம் பிறந்தால் புதிய கோப்பு. அந்தக் கோப்பில் உறுப்பினர்களை ஒருவர் கீழ் ஒருவராக அடுக்கி, மேல் வரியை "நேற்று" என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாட்டை வைத்து நாள்தோறும் 4 லிட்டர் ஊற்றுகிற ஒரு அம்மாவுக்கு, மாதத்தின் முதல் தேதிக்கான சீட்டில் "நேற்று 31, இன்று 4" என்று விழுந்துவிட்டது. அவருக்கு மேலே இருந்தவர் பெரிய பண்ணைக்காரர். மீதிப் பாலை வெளியே விற்கிறாயா என்று சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டை அவிழ்த்து என் மேசைமேல் வைத்து, "ஒரே மாடுதாம்மா இருக்கு, முப்பத்தொரு லிட்டருக்கு நான் எங்கே போவேன்?" என்று கேட்டார். தப்பு முழுக்க என்னுடையது. அன்றைக்கே சங்கத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

உறுப்பினர் வாரியாகப் பிரித்ததோடும் அந்த வேலை முடியவில்லை. பிரித்த பிறகு மாதத்தின் முதல் தேதியில் எல்லோருக்கும் காலி வந்தது. ஆனால் அவர்கள் நேற்றும் பால் ஊற்றினார்களே? அந்த எண் போன மாதக் கோப்பில் இருந்தது. முதலில் இரண்டு கோப்பையும் ஒட்ட வேண்டும், அப்புறம்தான் பிரித்து இறக்க வேண்டும். நீங்களும் மாதத்துக்கு ஒரு தாள் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கான்கேட் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். உங்கள் தாளில் தேதி எழுத்தாக இருக்கிறது. எழுத்தாக அடுக்கினால் "01-02-2025" என்ற பிப்ரவரி முதல் தேதி, "06-01-2025" என்ற ஜனவரி 6-க்கு முன்னால் போய் நிற்கும். டூ_டேட்டைம் கட்டளையில் நாள் முதலில் வருகிறது என்று சொல்லி, உண்மையான தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் படகு சரியாக இருக்கும், "போன நடை" தப்பாக இருக்கும். முதல் தப்பையாவது யாராவது கண்டுபிடிப்பார்கள். இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

அடுத்தது தடைக்காலம். நம் கரையில் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போவதில்லை. ஜூன் 15 அன்று கரைக்கு வந்த மீனுக்கு, ஷிஃப்ட் ஏப்ரல் 14-இன் எடையைப் பக்கத்தில் வைக்கும். வரிசைப்படி அதுதான் முந்தையது, தப்பில்லை. ஆனால் 62 நாள் இடைவெளி விட்டு வந்த எண்ணைப் பக்கத்தில் வைத்து "கூடுதல், குறைவு" என்று பேசலாமா? அதனால் எடையை இறக்கியதுபோலவே தேதியையும் படகுவாரியாக ஒரு படி இறக்கி, இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று இன்னொரு நெடுவரிசை போடுங்கள். இடைவெளி எத்தனை நாளைத் தாண்டினால் ஒப்பிடக்கூடாது என்பதைப் படகுக்காரர்களிடமே கேளுங்கள். என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: கல்லூரித் திட்டப் பணிக்காகக் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் நிலையங்களின் தினசரி மழை அளவை எடுத்திருக்கிறேன். நிலையவாரியாகப் பிரித்து, தேதிப்படி அடுக்கி, நேற்றைய மழையைக் கொண்டுவந்தேன். எல்லாம் சரியாகச் செய்தும் வழிகாட்டி ஆசிரியர் "இது நேற்றைய மழையே இல்லை" என்கிறார். ஏன்?
— மாணவி, நெய்வேலி

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வது சரி. கோப்பைத் திறந்து பார்த்தேன். மழை பெய்த நாட்கள் மட்டும்தான் அதில் இருக்கின்றன. பண்ருட்டிக்கு நவம்பர் 3-க்குப் பிறகு நவம்பர் 11தான் வருகிறது. ஷிஃப்ட் வரியை எண்ணுமே தவிர நாளை எண்ணாது. 11-க்குப் பக்கத்தில் 3-இன் மழை வந்து, "நேற்று" என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நாள்கூட விடாமல் முழு நாட்காட்டியைப் போட்டுவிட்டு, அப்புறம் இறக்குவது. விடுபட்ட நாளில் பூஜ்யம் போடலாமா என்பதை மட்டும் யோசிக்க வேண்டும். மழை இல்லாததால் வரி இல்லையா, அன்றைக்கு அளக்காததால் வரி இல்லையா? உங்கள் கோப்பில் எது என்று தரவு கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. அட்டவணைக்கு ஒரு நகல் எடுங்கள். நகலில் தேதியோடு ஒரு நாளைக் கூட்டுங்கள், மழை நெடுவரிசைக்கு "நேற்றைய_மழை" என்று பெயர் மாற்றுங்கள். பிறகு அசலோடு நிலையம், தேதி இரண்டும் பொருந்துமாறு மெர்ஜ் செய்யுங்கள் (ஒட்டுங்கள்), அசலின் எல்லா வரியும் தங்கும்படி ஹவ்='லெஃப்ட்' என்று. 11-ஆம் தேதிக்கு நகலில் 10-ஆம் தேதியின் மழை இருந்தால்தான் ஒட்டும், இல்லாவிட்டால் காலி. வரிகள் எந்த ஒழுங்கில் கிடந்தாலும் கவலையில்லை. ஒரே நிலையத்துக்கு ஒரே தேதியில் இரண்டு வரி இருந்தால் மட்டும் விடை பெருகிவிடும், அதை முதலில் டூப்ளிகேட்டட் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. இந்திய வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிற 24 மணி நேரத்துக்கானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழை, ஏட்டில் டிசம்பர் 1 என்ற தேதியில்தான் இருக்கும். அந்த இரவை நாம் மறக்க மாட்டோம், ஆனால் கோப்பில் நவம்பர் 30 வரியைத் தேடினால் அந்த எண் கிடைக்காது. ஆற்று மட்டம், குளத்து மட்டம் போன்றவற்றை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்ற கணக்கில் வைத்திருந்தால், மழையோடு ஒட்டும்போது ஏற்கெனவே பெரும்பகுதி ஒரு நாள் தள்ளித்தான் இருக்கிறது. அதன்மேல் நீங்களும் ஒரு நாள் தள்ளினால் இரண்டு நாள் ஆகிவிடும்.

அதே புயலில் கடலூரைச் சூழ்ந்த தென்பெண்ணை வெள்ளம் நம் ஊர் மழையால் மட்டும் வந்ததல்ல. மேலே பெய்த மழை சாத்தனூர் அணைக்கு வந்து, அங்கிருந்து திறந்துவிட்ட நீர் இங்கே வந்தது. கடலூர் நிலையத்தின் நேற்றைய மழையை எத்தனை முறை இறக்கினாலும் அந்த வெள்ளம் உங்கள் கணக்கில் தெரியாது. மேலேயுள்ள நிலையங்களின் முந்தின நாள் மழையை, கடலூர் வரிக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அதற்கும் மேலே சொன்ன மெர்ஜ் வழிதான் உதவும். மேலேயுள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி நகல் எடுத்து, கடலூர் வரிகளோடு தேதியை மட்டும் பொருத்துங்கள், நிலையத்தை விட்டுவிடுங்கள். திட்டப் பணியில் இதைச் சேர்த்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: டியூஷன் எடுக்கிறேன். பைத்தான் எல்லாம் தெரியாது, எக்செல் மட்டும்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் போன தேர்வின் மதிப்பெண் பக்கத்தில் வர வேண்டும்.
— ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: எக்செலே போதும் டீச்சர். ஏ-யில் மாணவர், பி-யில் தேர்வு, சி-யில் மதிப்பெண் என்றால், டி3-இல் இப்படி எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்: =இஃப்(ஏ3=ஏ2, சி2, ""). மேல் வரியில் அதே பிள்ளை இருந்தால் அந்த மதிப்பெண், வேறு பிள்ளை என்றால் காலி. பைத்தானில் ஒரு பிள்ளையின் வரிகள் சிதறிக் கிடந்தாலும் குரூப்பை பொறுக்கி எடுத்துக்கொள்ளும். இங்கே அப்படியில்லை, ஒரே பிள்ளையின் வரிகள் அடுத்தடுத்து இருந்தே ஆக வேண்டும்.

அடுக்கும்போது ஒரு ஆபத்து. தேர்வின் பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்கினால் அரையாண்டு முதலில் வரும், காலாண்டு அதற்குப் பின்னால் வரும்! காலாண்டில் 48 வாங்கி அரையாண்டில் 71-க்கு ஏறிய பிள்ளை, 71-இலிருந்து 48-க்கு விழுந்ததாகத் தாளில் தெரியும். வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்கு 1, 2, 3 என்று ஒரு எண் நெடுவரிசை சேர்த்து அதன்படி அடுக்குங்கள். பெயருக்குப் பதில் வருகைப் பதிவேட்டு எண்ணை ஏ-யில் வையுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இல்லாத வகுப்பு உண்டா?

கேள்வி: புதுச்சேரியில் எங்களுக்கு மூன்று பேக்கரி. முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, நெல்லித்தோப்பு. கடைவாரியாகப் பிரித்து ஷிஃப்ட் போட்டு, அதன்மேல் முந்தைய 3 நாள் பன் விற்பனையின் சராசரியும் எடுத்தேன். மூன்று கடைக்கும் சராசரி ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. ஆனால் விற்பனை ஒன்றல்ல.
— வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: நீங்கள் எழுதியது குரூப்பை('கடை')['பன்'].ஷிஃப்ட்(1).ரோலிங்(3).மீன்(). ரோலிங்(3) மூன்று மூன்று வரியாக எடுக்கும், மீன் என்றால் இங்கே சராசரி. இதில் பிரிவினை ஷிஃப்ட் வரைக்கும்தான் செல்லுபடியாகும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருவது பிரிக்கப்படாத ஒரே நீளமான நெடுவரிசை. அதன்மேல் ரோலிங் ஓடும்போது கடை என்ற ஞாபகமே இல்லை.

உங்கள் தாள் தேதிப்படி இருக்கிறது, ஒரு நாளுக்கு மூன்று கடை, மூன்று வரி. ஆக, ரோலிங் எடுத்த "3 நாள்" என்பது மூன்று கடைகளின் முந்தின ஓரிரு நாள் விற்பனை, கடைக்கு ஒரு எண். எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி வந்தது அதனால்தான். முழுவதையும் கடைக்குள்ளேயே செய்ய வேண்டும்:

தாள்.குரூப்பை('கடை')['பன்'].டிரான்ஸ்ஃபார்ம்(லாம்டா எஸ்: எஸ்.ஷிஃப்ட்(1).ரோலிங்(3).மீன்())

தாளைக் கடைப்படி அடுக்கியிருந்தால் உங்கள் பழைய வரியும் சரியான விடையைத் தந்திருக்கும். ஒவ்வொரு கடையின் தொடக்கத்திலும் ஷிஃப்ட் விட்ட காலி இடம், பக்கத்துக் கடையின் எண் கலந்த சராசரியையும் காலியாக்கிவிடும். மின்_பீரியட்ஸ்=1 (ஒரு எண் இருந்தாலே சராசரி போடு) என்று யாராவது சேர்த்த அன்றைக்குத்தான் கலப்படம் வெளியே வரும். அதனால் இப்போது விடை சரியாக இருக்கிறதே என்று பழைய வரியை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வீடுவாரியாகப் போன மாத மின் யூனிட் வேண்டும். முந்தைய வரியை எடுத்துவரும் லேக் போட்டேன். மார்ச் மாதத்தை மட்டும் கேட்டால் எல்லா வீட்டுக்கும் காலியாக வருகிறது.
— வாசகர், வில்லியனூர்

பதில்: லேக்(யூனிட்) ஓவர் (பார்ட்டிஷன் பை வீடு ஆர்டர் பை மாதம்) என்று நீங்கள் எழுதியது சரிதான். ஆனால் வரிகளை வடிகட்டுகிற வேர் நிபந்தனை முதலில் வேலை செய்யும், லேக் அதற்குப் பிறகுதான். வேர் மாதம் மார்ச் என்றதும் பிப்ரவரி வரிகள் வெளியே போய்விட்டன, லேக் திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. எல்லா மாதத்துக்கும் லேக் கணக்கிடுகிற கட்டளையை உள்ளே வைத்து, மார்ச்சை வெளியே வடிகட்டுங்கள். இந்த வசதி மைஎஸ்க்யூஎல் 8.0-இலிருந்துதான் உண்டு. அலுவலகக் கணினியில் 5.7 இருந்தால் லேக் ஓடாது.

கேள்வி: ஆர் மொழியில் லேக் போட்டால் எண்கள் அசையவே இல்லை.
— மாணவர், சிதம்பரம்

பதில்: அட்டவணைகளைக் கையாளும் டிப்ளையர் தொகுப்பை ஏற்ற மறந்திருப்பீர்கள். ஆர்-இல் பிறவியிலேயே லேக் என்று ஒன்று இருக்கிறது, அது காலத்தொடர்களுக்கானது. சாதாரண எண் வரிசையில் எண்களை நகர்த்தாமல் காலக் குறிப்பை மட்டும் மாற்றும். டிப்ளையர்::லேக் என்று முழுப் பெயரோடு எழுதினால் குழப்பமில்லை. முன்னால் குரூப்_பை, முடிந்ததும் அன்குரூப்.

கேள்வி: முந்திரிப் பருப்பின் ஒவ்வொரு ரகத்துக்கும் வாரவாரம் விலை குறித்து வைத்திருக்கிறேன். ரகவாரியாகப் பிரித்து, ஷிஃப்ட்(1) போட்டுப் போன வார விலையை எடுத்து, இந்த வாரத்தைக் கணிக்கிறேன். போன வாரத்திலிருந்து இந்த வாரம் வரை என்ன மாற்றம் என்ற நெடுவரிசையையும் கொடுத்தேன். 100-க்கு 99 தடவை சரியாக வருகிறது. நம்பி சரக்குப் பிடிக்கலாமா?
— வியாபாரி, பண்ருட்டி

பதில்: அண்ணே, இன்னும் சரக்குப் பிடிக்காதீர்கள். இரண்டு இடத்தில் தப்பு இருக்கிறது, இரண்டுமே பணத்தைத் தின்கிற தப்பு.

போன வார விலையையும் கொடுத்து, அதிலிருந்து இந்த வாரம் எவ்வளவு மாறியது என்பதையும் கொடுத்தால், இந்த வார விலையையே கையில் கொடுத்ததாக ஆகிறது. கூட்டினால் விடை. அந்த மாற்ற நெடுவரிசையையும் ரகவாரியாக ஒரு படி இறக்குங்கள். போன வாரம் சந்தை முடிந்தபோது உங்களுக்குத் தெரிந்திருந்தது மட்டும்தான் கணிப்புக்குள் போகலாம்.

இரண்டாவது, உங்கள் தாளில் புதிய வாரம் மேலே, பழைய வாரம் கீழே. அப்படி அடுக்கிய தாளில் ஷிஃப்ட்(1) மேல் வரியைக் கீழே இறக்கும்போது அடுத்த வாரத்து விலைதான் வந்து சேரும். "போன வாரம்" என்று நீங்கள் தலைப்பிட்டிருப்பது வரப்போகிற வாரம். ரகம், தேதி என்று ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு, ஏதாவது ஒரு ரகத்தின் நான்கு வரிகளைக் கையால் உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். பிறகு மறுபடி ஓட்டுங்கள். அந்த 99 நன்றாகவே இறங்கும். எவ்வளவுக்கு இறங்கியது என்று எனக்கு எழுதுங்கள், அந்த எண்ணை வைத்துக்கொண்டு சரக்குப் பிடிப்பதைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம்.